சி.எஸ்.ஐ. அம்மாயிக்கு மோட்சம் உண்டா? மறைக்கல்வி வகுப்புக்குச் சரியான பதில் வேண்டும்

நாலுரோடு_ஞானோபதேசம் கேட்டது:

உறுதிபூசுதல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் கேள்வி இது. சேலத்தில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம் என்றால் அம்மா வழியிலோ சம்பந்தி வழியிலோ ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிளை இருக்கும். ஏற்காட்டுப் பக்கம் லுத்தரன் உறவும் சேரும். இப்போது தெருவுக்குத் தெரு பெந்தெகொஸ்தே சபை வேறு. "எங்க அம்மாயி (அம்மாவோட அம்மா) சி.எஸ்.ஐ. அவங்க மோட்சத்துக்குப் போவாங்களா, மாட்டாங்களா?" என்று பிள்ளைகள் நேராகவே கேட்கிறார்கள்.

என் சந்தேகங்கள்: "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்பது இன்னும் போதனைதானா, இல்லை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு (1960-களில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம்) போய்விட்டதா? பிறப்பிலேயே சி.எஸ்.ஐ.யாக இருப்பவருக்கும், ஆர்.சி.யாக இருந்து பெந்தெகொஸ்தே போன்ற சபைக்குப் போனவருக்கும் ஒரே பதிலா? இறந்துபோன சி.எஸ்.ஐ. உறவினருக்குப் பூசை வைக்கலாமா? கல்யாணம், ஞானஸ்நானம் என்று வரும்போது இந்தப் போதனை நடைமுறையில் எப்படி இறங்குகிறது?

எண்களோடு சொல்லுங்கள். "கடவுள் பார்த்துக்குவார்" என்ற பதில் பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் எடுபடாது.

---

ஏடும்_எண்ணும் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பதுதான்.

அந்த வாக்கியம் 3-ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதியது. எந்தச் சண்டையில் எழுதினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பாதி குழப்பம் தீரும். பிரிந்துபோன கூட்டத்தார் கொடுத்த திருமுழுக்கு செல்லுமா என்பதுதான் அன்றைய வழக்கு. "வெளியே மீட்பு இல்லை, ஆகவே வெளியே திருமுழுக்கும் இல்லை, வருகிறவருக்கு மறுபடி கொடு" என்றார் சிப்ரியான். "செல்லும், மறுபடி கொடுக்காதே" என்றார் ரோமை ஆயர் ஸ்தேவான். கடைசியில் திருச்சபை ஸ்தேவான் பக்கம் நின்றது. அதாவது சிப்ரியானின் வாக்கியத்தை வைத்துக்கொண்டது, அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத் தள்ளிவிட்டது. இன்றைய போதனை முழுவதும் இந்த ஒரு முடிச்சில் இருக்கிறது.

திரெந்து சங்கம் 1547-இல், லுத்தரன்களோடு சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில், இதையே சட்டமாக்கியது. தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தப்பறைக்காரரே (திருச்சபையின் விசுவாசத்தை மறுப்பவரே) கொடுத்தாலும் அது உண்மையான திருமுழுக்கு. "இல்லை" என்று சொல்கிற கத்தோலிக்கர்தான் அந்தச் சட்டப்படி சாபத்துக்கு உள்ளாகிறார். ஆக, முறையாக ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. குழந்தை கிறிஸ்துவோடு இணைக்கப்படுகிறது. நீதிமயமாக்கும் (பாவம் நீக்கி நீதிமானாக்கும்) அருளை அந்தத் தண்ணீரிலேயே பெறுகிறது. விவரம் தெரியும் வயதுக்கு முன் அது இறந்தால் கத்தோலிக்கக் குழந்தைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

வளர்ந்தவர் விஷயத்துக்கு வருவோம். 1863-இல் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் (பியுஸ் என்று இப்போது எழுதுகிறோம்) சொன்னது: தன் குற்றமில்லாத, நீக்க முடியாத அறியாமையில் இருந்து, இயற்கைச் சட்டத்தைக் கடைப்பிடித்து, கடவுளுக்குக் கீழ்ப்படியத் தயாராக இருப்பவர், இறை ஒளியாலும் அருளாலும் நிலைவாழ்வு அடைய முடியும். அதே மடலில், பிடிவாதமாகத் திருச்சபையின் அதிகாரத்தை எதிர்த்துப் பிரிந்து நிற்பவர் மீட்படைய முடியாது என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 1949-இல் புனித அலுவலகம் (போதனையைக் காக்கும் ரோமைத் துறை) பாஸ்டன் பேராயருக்கு எழுதிய கடிதம் அதை இன்னும் பிரித்துச் சொல்கிறது: திருச்சபையின் உறுப்பினராக இருப்பதை எல்லா நேரத்திலும் கேட்பதில்லை, விருப்பத்தால் இணைந்திருந்தால் போதும், அந்த விருப்பம் வெளிப்படையாகச் சொல்லப்படாமல் உள்ளடங்கியதாகவும் இருக்கலாம்.

அந்தக் கடிதம் எதற்கு எழுதப்பட்டது தெரியுமா? லெனார்ட் ஃபீனி என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு, வெளிப்படையாகக் கத்தோலிக்கராகச் சேராத எவருக்கும் மீட்பு இல்லை என்று போதித்தார். ரோமைக்கு வரச் சொல்லியும் போகவில்லை. 1953-இல் கீழ்ப்படியாமைக்காகச் சபைநீக்கம் ஆனார். "திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்று மற்றவர்களை வெளியே நிறுத்தியவர் தானே வெளியே நின்றார். 1972-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வகுப்பில் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள், சொல்லிப் பாருங்கள்.

1964 நவம்பர் 21-இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இரண்டு ஏடுகள் இந்த அடித்தளத்தின் மேல் கட்டியவை. திருச்சபை பற்றிய ஏடு எண் 14, 15. ஒன்றிப்பு பற்றிய ஏடு எண் 3. மறைக்கல்வி நூலில் 818, 819, 846, 847, 1271. ஒன்றிப்பு ஏட்டின் எண் 3 மூன்று விஷயங்களைச் சொல்கிறது: இன்று அந்தச் சபைகளில் பிறந்து வளர்பவர்மேல் பிரிவினைப் பாவத்தைச் சுமத்தக் கூடாது. எழுதப்பட்ட இறைவார்த்தை, அருள் வாழ்வு, விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகியவை அங்கேயும் உண்டு. அந்தச் சபைகளைத் தூய ஆவியார் மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்தத் தயங்குவதில்லை, ஆனால் அவற்றின் ஆற்றல் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒப்படைக்கப்பட்ட நிறைவிலிருந்து வருகிறது.

கடைசிப் பாதியைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: சேலத்தில் எந்தச் சந்தில் குழாயைத் திறந்தாலும் வருவது மேட்டூர்த் தண்ணீர்தான். குழாய் யார் வீட்டில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டதும் "நல்லவரா இருந்தா போதும்" என்று தாவிவிடுவது மறைக்கல்வி ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு. 1949 கடிதம் அப்படிச் சொல்லவில்லை. உள்ளடங்கிய விருப்பத்துக்கும் இரண்டு நிபந்தனை வைக்கிறது: கடவுள் தருகிற விசுவாசமும், நிறைவான அன்பும். வெறும் நல்ல குணம் மீட்பு தருவதாகக் கத்தோலிக்கப் போதனையில் எங்குமே கிடையாது, ஆர்.சி.க்கும் கிடையாது.

---

பழைய_பூசை எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கசப்பானதை ஒதுக்கிவிட்டீர்கள். 1302-இல் திருத்தந்தை 8-ஆம் போனிப்பாஸ், ரோமைத் திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்டிருப்பது ஒவ்வொரு மனிதருக்கும் மீட்புக்கு அவசியம் என்று அறிவித்தார். 1442-இல் ஃப்ளோரன்ஸ் சங்கம் தப்பறைக்காரர், பிரிவினைக்காரர் எல்லாரையும் பெயர் சொல்லி, சாவதற்குமுன் திருச்சபையில் சேராவிட்டால் நிலைவாழ்வில் பங்கில்லை என்றது. கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தினாலும் திருச்சபையின் ஒன்றிப்பில் இல்லாவிட்டால் மீட்பில்லை என்றும் இருக்கிறது. இவை சங்கத்தின் வார்த்தை, பங்குத்தந்தையின் பிரசங்கம் அல்ல. இதைப் பிள்ளைகளிடம் மறைத்தால், நாளைக்கு யூடியூபில் பார்த்துவிட்டு "நீங்க பொய் சொன்னீங்க" என்பார்கள்.

---

ஏடும்_எண்ணும் எழுதியது:

மறைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாசகத்தை லூத்தரின் பேரப்பிள்ளைகள்மேல் அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஃப்ளோரன்ஸ் தீர்ப்பு ரோமையிலிருந்து பிரிந்திருந்த எகிப்தின் யாக்கோபியக் கிறிஸ்தவரோடு ஒன்றிப்புக்காக எழுதப்பட்டது. லூத்தர் பிறந்ததே 1483-இல்.

காலம் முந்தியது என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது, கொள்கை பொருந்தும்தானே என்பீர்கள். பொருந்தும். அதனால்தான் "தப்பறைக்காரர்" என்ற சொல்லுக்குத் திருச்சபை என்ன பொருள் வைத்திருந்தது என்று பார்க்க வேண்டும். அகுஸ்தீனார் 43-ஆம் கடிதத்தில், வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன கூட்டமான தொனாத்தியரைப் பற்றி எழுதுகிறார்: தவறான கருத்தைப் பிடிவாதமில்லாமல் வைத்திருப்பவர், அதைத் தானே துணிந்து உண்டாக்காமல் வழிதவறிய பெற்றோரிடமிருந்து பெற்றவர், உண்மையைக் கவலையோடு தேடுகிறவர், கண்டால் திருந்தத் தயாராக இருப்பவர், இவர்களைத் தப்பறைக்காரர் கணக்கில் வைக்கக் கூடாது. இது ஃப்ளோரன்ஸுக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. சாபம் பிடிவாதத்துக்கு. இன்றைய திருச்சபைச் சட்டம் 751-உம் தப்பறையை "திருமுழுக்குக்குப் பின் பிடிவாதமாக மறுத்தல்" என்றுதான் வரையறுக்கிறது.

திருமுழுக்கு விருப்பம் (தண்ணீர் பெறாதவருக்கு அந்த விருப்பமே மீட்புக்கு உதவும்) என்ற கருத்தும் 1964-இல் முளைத்ததல்ல. அக்குவினாஸ் தோமாவிடம் இருக்கிறது, திரெந்து 6-ஆம் அமர்வு 4-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு: ஃப்ளோரன்ஸ் சங்கத் தந்தையர் அறியாமையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை மிகச் சிறியதாக நினைத்திருப்பார்கள். சுவிசேஷம் உலகம் பூராவும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிய காலம் அது. கொலம்பஸ் கப்பலேறியது ஐம்பது வருடம் கழித்து. கொள்கை அப்படியே இருக்க, யாருக்குக் குற்றம் உண்டு என்ற கணிப்பு மாறியது. வளர்ச்சி என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம்.

---

அஸ்தம்பட்டி_சிஎஸ்ஐ எழுதியது:

உங்க வீட்டுப் பேச்சில் நுழைகிறேன், மன்னிக்கணும். மேட்டூர்த் தண்ணீர் உவமை எங்களுக்கும் பிடித்திருக்கிறது. நாங்கள் மேட்டூர் என்பது கிறிஸ்து, நீங்கள் உங்கள் தொட்டியை மேட்டூர் என்கிறீர்கள், அவ்வளவுதான் சண்டை.

இதைவிட உறுத்துகிற விஷயம் வேறு. 2000 ஆகஸ்ட் 6-இல் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட்) கையெழுத்திட்டு வந்த ஏடு, எண் 17, சீர்திருத்தச் சபைகளை "சரியான பொருளில் திருச்சபைகள் அல்ல, திருச்சபைச் சமூகங்கள்" என்கிறது. 2007-இல் மறுபடி அதையே உறுதி செய்தார்கள். ஆயர்ப் பட்டத் தொடர்ச்சியும் நற்கருணையின் முழுமையும் இல்லை என்பது காரணம். இதைப் படித்துவிட்டு நம்ம ஊர் ஆர்.சி. நண்பர்கள் "உங்களுக்கு மீட்பே இல்லைன்னு போட்டிருக்கான்" என்பார்கள். அந்த எண்ணில் அப்படி இல்லை. அமைப்பு பற்றிய தீர்ப்பு ஒன்று, தனி மனிதரின் மீட்பு பற்றிய தீர்ப்பு வேறு. எங்களுக்கு முதல் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய இன்னொன்று: நீதிமயமாக்கல் பற்றி 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவியைப் பெறுகிறோம், அவர் நம்மை நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் மையம். மெதடிஸ்டுகள் 2006-இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017-இலும் சேர்ந்தார்கள். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் எல்லாம் சேர்ந்து உண்டானதால் தென்னிந்தியத் திருச்சபை பல உலக அமைப்புகளில் உறுப்பு. டேனிஷ் மிஷன் வழியில் வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை லுத்தரன் கூட்டமைப்பில் இருக்கிறது. "விசுவாசமா, கிரியையா" என்ற பழைய சண்டையைச் சேலத்தில் இன்னும் நடத்துகிறவர்கள் இதைப் படிக்காதவர்கள், இரண்டு பக்கமும்.

மொழியும் ஒரு வேலி. நாங்கள் இரட்சிப்பு என்பதை நீங்கள் மீட்பு என்கிறீர்கள். ஞானஸ்நானம், திருமுழுக்கு. திருவிருந்து, நற்கருணை. உச்சக்கட்டம் "ஆயர்". எங்களுக்கு உள்ளூர்ச் சபையின் குரு ஆயர், கோவையில் இருக்கிற திருமண்டலத் தலைவர் பேராயர். உங்களுக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர். "ஆயரிடம் அனுமதி வாங்கிவிட்டோம்" என்று எங்கள் பெண்வீட்டார் சொன்னதை உங்கள் மாப்பிள்ளை வீட்டார் நம்பிக் கல்யாணத் தேதி குறித்துவிடுவார்கள். அப்புறம்தான் தெரியும், அது எங்கள் சபை ஐயருடைய கடிதம் என்று.

---

திருச்சட்டம்_சேலம் எழுதியது:

மேலே சொன்ன "ஆயர்" குழப்பம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆகவே நடைமுறைக்கு வருகிறேன்.

திருமுழுக்கு. கத்தோலிக்கத்துக்கு வருகிற சி.எஸ்.ஐ., லுத்தரன், மெதடிஸ்ட் கிறிஸ்தவருக்கு மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. திருச்சபைச் சட்டம் 869 §2. பார்க்க வேண்டியது மூன்று: தண்ணீர் மேலே ஓடியதா (முழுக்கினாலும் ஊற்றினாலும் சரி, இரண்டு சொட்டுத் தெளித்துத் தலையில் படாமல் போனால் சந்தேகம்), வாய்பாடு திரித்துவப் பெயரில் இருந்ததா, எண்ணம் சரியா. "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்பதும் "தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே" என்பதும் ஒன்றே, தமிழ்ச் சொல் மாறியதால் எதுவும் கெடாது. கெடுவது எங்கே என்றால்: "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கிற ஒருமைவாத (திரித்துவத்தை ஏற்காத) பெந்தெகொஸ்தே சபைகள், யெகோவாவின் சாட்சிகள், மார்மன் (2001 தீர்ப்பு). "படைத்தவர், மீட்பவர், அர்ச்சிப்பவர்" என்று மாற்றினால் செல்லாது (2008). "நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்றாலும் செல்லாது (2020), இது கத்தோலிக்கக் குருக்கள் செய்த கோளாறுக்கு வந்த தீர்ப்பு. இரட்சணிய சேனையில் தண்ணீர்த் திருமுழுக்கே கிடையாது. அவர்களைச் சட்டம் திருமுழுக்குப் பெறாதவராகவே பார்க்கும். மீட்பு விஷயத்தில் அவர்களுக்குத் திருமுழுக்கு விருப்பம் பற்றிய போதனை பொருந்தும். மறைக்கல்வி 1257-இல் உள்ள வாக்கியம் முக்கியம்: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்தார், தாம் தம் அருளடையாளங்களால் பிணைக்கப்பட்டவர் அல்ல.

சேர்ப்பு. செல்லும் திருமுழுக்கு உள்ளவர் முதலில் ஒப்புரவு அருளடையாளம் பெறுவார். பிறகு திருப்பலியில் விசுவாச அறிக்கையும், கத்தோலிக்கத் திருச்சபை கடவுள் வெளிப்படுத்தியதாகப் போதிப்பதையெல்லாம் நம்புகிறேன் என்ற ஒற்றை வாக்கியமும் சொல்வார். சேர்க்கிற குருவே உறுதிபூசுவார் (883 §2), அதே பூசையில் நற்கருணை. சி.எஸ்.ஐ.யில் பெற்ற திடப்படுத்தலை (உறுதிபூசுதலுக்கு அங்கே உள்ள பெயர்) கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கிலிக்கன் குருப்பட்டம் செல்லாது என்ற 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழியாக வருகிற விளைவு இது.

நற்கருணை. சி.எஸ்.ஐ. உறவினர் கத்தோலிக்கப் பூசையில் சாதாரணமாக நற்கருணை வாங்க முடியாது. 844 §4 ஒரு கதவு திறக்கிறது: சாவு ஆபத்து, அல்லது ஆயர் கடுமையான அவசியம் என்று தீர்மானித்த வேறு நிலை. தன் சபைப் போதகரை அணுக முடியாமை, தானாகக் கேட்பது, அந்த அருளடையாளம் பற்றிக் கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படுத்துவது, தகுந்த மனநிலை, இந்த நான்கும் வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இது நடக்கும், கல்யாணப் பூசையில் "குடும்பம் பூரா வாங்கட்டும்" என்பதற்கு இது பொருந்தாது.

இறந்தவர். சட்டம் 901: உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசையை ஒப்புக்கொடுக்கலாம். எனவே சி.எஸ்.ஐ. அம்மாயிக்குப் பூசைக் கருத்து தாராளமாகக் கொடுக்கலாம். கத்தோலிக்க அடக்கச் சடங்கு வேறு (1183 §3): அவருடைய போதகர் கிடைக்காமல், அவர் விருப்பத்துக்கு எதிராகவும் இல்லாமல் இருந்தால், ஆயர் விவேகப்படி அனுமதிக்கலாம். அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் இறந்தவருக்காக மன்றாடும் வழக்கத்தை ஏற்பதில்லை. ஆகவே பூசையில் பெயரை வாசிக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

கல்யாணம். கத்தோலிக்கர் தம் பங்குத்தந்தையிடம் மனுக் கொடுக்க, அவர் மறைமாவட்ட அனுமதி வாங்குவார் (1124). கத்தோலிக்கர் மட்டும் வாக்குக் கொடுப்பார்: தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கும் வளர்ப்பும் கிடைக்க என்னால் ஆனதைச் செய்வேன். மற்றவருக்கு இதைத் தெரிவித்தால் போதும், அவரிடம் கையெழுத்துக் கேட்கச் சட்டம் சொல்லவில்லை (1125). எங்கோ ஒரு பங்கில் சி.எஸ்.ஐ. பெண்ணிடம் "மதம் மாறினால்தான் கல்யாணம்" என்றால் அது சட்டம் அல்ல, ஊர்ப் பழக்கம். திருமுழுக்கு சந்தேகம் என்றால் சமய வேறுபாட்டு விலக்கையும் (திருமுழுக்குப் பெறாதவரை மணக்கத் தரும் அனுமதி, 1086) முன்னெச்சரிக்கையாகச் சேர்த்து வாங்குவார்கள். சி.எஸ்.ஐ. கோயிலில் தாலி கட்டுவதானால் திருமண முறைமையிலிருந்து (கத்தோலிக்கக் குரு முன் நடக்க வேண்டும் என்ற விதி) விலக்கு வேண்டும் (1127 §2). அது இல்லாமல் கட்டினால் திருச்சபைக் கணக்கில் அந்தத் திருமணமே செல்லாது. காலையில் ஆர்.சி. கோயில், சாயந்தரம் சி.எஸ்.ஐ. கோயில் என்று இரண்டு இடத்தில் சம்மதம் சொல்வது 1127 §3-இல் தெளிவாகத் தடுக்கப்பட்டது. நம்ம ஊரில் "ரெண்டு வீட்டுக்கும் மனசு ஆறட்டும்" என்று இதைத்தான் செய்கிறார்கள். ஒரு இடத்தில் சம்மதம் வாங்கி, மற்றக் கோயிலில் ஜெபமும் ஆசீரும் மட்டும் வைத்தால் தொல்லையில்லை.

ஞானத்தாய், ஞானத்தந்தையாக சி.எஸ்.ஐ. மாமா நிற்க முடியாது. கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சாட்சியாக நிற்கலாம் (874 §2).

---

சேர்வராயன்_மலை எழுதியது:

இரண்டாவது கேள்வியை எல்லாரும் சுற்றிப் போகிறீர்கள். கடினமானது அதுதான்.

சங்க ஏடு எண் 14-ஐ மெதுவாக வாசியுங்கள்: கத்தோலிக்கத் திருச்சபை மீட்புக்குத் தேவையென்று கடவுள் கிறிஸ்து வழியாக நிறுவினார் என்பதை *அறிந்தும்*, அதில் சேரவோ நிலைத்திருக்கவோ மறுப்பவர் மீட்படைய முடியாது. "சேரவோ" என்பது அஸ்தம்பட்டி நண்பருக்கு. "நிலைத்திருக்கவோ" என்பது சபைக்குப் போன நம் ஆட்களுக்கு. பிறந்தவருக்குச் சொன்ன சலுகை, பிரிவினைப் பாவம் சுமத்தாதே என்பது, விட்டுப்போனவருக்கு அப்படியே சொல்லப்படவில்லை. இதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது.

எடை முழுவதும் "அறிந்தும்" என்ற சொல்லில் இருக்கிறது. மலைக்கிராமத்தில் ஒருவர் ஏன் போகிறார்? நோயில் வீட்டுக்கு வந்து கைவைத்து ஜெபித்தவர் சபைக்காரர். வேதபுத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னவர் அவர். இந்தப் பக்கம் மறைக்கல்வி உறுதிபூசுதலோடு நின்றுபோயிருக்கும். நற்கருணை என்ன, ஒப்புரவு என்ன என்று விளக்கம் கேட்காமலே விட்டுப்போனவர் எதை "அறிந்தும்" மறுத்தார்? மறைக்கல்வி 1859 சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்கிறது. ஆனால் 1791 மறுபக்கத்தைச் சொல்கிறது: உண்மையைத் தெரிந்துகொள்ளச் சிரமமே எடுக்காதவனின் அறியாமைக்கு அவனே பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை வெளியிலிருந்து அளக்க எந்தப் பங்குத்தந்தையிடமும் கோல் கிடையாது. "போனவன் நரகம்" என்று பெயர் சொல்லித் தீர்ப்பளிக்க உபதேசியாருக்கு அதிகாரம் இல்லை. "போனாலும் ஒண்ணுமில்லை" என்று சொல்லவும் அதிகாரம் இல்லை.

சட்ட விளைவு மட்டும் வெளியில் தெரியும். போனவர் மறுபடி சபையில் "முழுக்கு ஞானஸ்நானம்" எடுத்தால் அதற்கு மதிப்பில்லை, முதலாவதே நிற்கும். தெரிந்து விசுவாசத்தை மறுத்தால் திருச்சபைச் சட்டம் 1364-இன் தண்டனை உண்டு, 16 வயது நிறையாதவருக்கு இல்லை. 2009-இல் வந்த மாற்றத்துக்குப் பின், முறையாக விலகியவரும் கத்தோலிக்கத் திருமண முறைமைக்குக் கட்டுப்பட்டவரே, ஆகவே சபைக் கோயிலில் அவர் செய்த கல்யாணம் திருச்சபைக் கணக்கில் செல்லாது. அவர் திரும்பி வரும்போது இந்தக் கல்யாணம்தான் முதல் சிக்கலாக நிற்கும். அவருடைய பிள்ளை, அந்தச் சபையிலேயே பிறந்து திரித்துவப் பெயரில் ஞானஸ்நானம் எடுத்தது, அகுஸ்தீனார் சொன்ன "பெற்றோரிடமிருந்து பெற்றவர்" வகை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு கணக்கு, பிள்ளைக்கு ஒரு கணக்கு.

எண் 14-இன் அடுத்த பத்தியை யாரும் வகுப்பில் வாசிப்பதில்லை. திருச்சபையில் இருந்துகொண்டே அன்பில் நிலைக்காதவர் உடலால் உள்ளே, இதயத்தால் வெளியே. அவருக்கும் மீட்பில்லை, தீர்ப்பும் கடுமையாக இருக்கும் என்கிறது.

கத்தோலிக்கருக்கு என்ன கூடுதல் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு உதாரணம். சாவான பாவத்தில் விழுந்த கத்தோலிக்கர், நரகத்துக்குப் பயந்த அரைகுறை மனஸ்தாபத்தோடு போனாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மன்னிப்புப் பெறுகிறார். ஒப்புரவு அருளடையாளம் இல்லாதவருக்கு உத்தம மனஸ்தாபம், கடவுளை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதால் வருகிற துக்கம், கட்டாயம் வேண்டும் (மறைக்கல்வி 1452). அது கிடைக்காது என்றில்லை, அருள் கொடுக்கும். ஆனால் வழி செங்குத்து. கொண்டை ஊசி வளைவு போட்ட ரோடு இருக்கும்போது ஒற்றையடிப் பாதையில் ஏறுகிற மாதிரி.

"நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்கிறவருக்குப் பிள்ளைகள் வைத்துக்கொள்ள மூன்று வசனம்: எபேசியர் 2:8 மீட்கப்பட்டிருக்கிறீர்கள், 1 கொரிந்தியர் 1:18 மீட்படைந்துகொண்டிருக்கிறோம், உரோமையர் 5:9 மீட்கப்படுவோம். மூன்று காலமும் பவுலடியாருடையது. கடைசிவரை நிலைப்பேன் என்ற நிச்சயம் சிறப்பு வெளிப்பாடு இல்லாமல் யாருக்கும் இல்லை என்பது திரெந்து 6-ஆம் அமர்வு. நம்பிக்கை வேண்டும் என்பதும் அதே அமர்வுதான்.

---

நாலுரோடு_ஞானோபதேசம் எழுதியது:

இதுவே நான்கு வகுப்புக்கு வரும். எல்லாருக்கும் நன்றிங்க. திருச்சட்டம் ஐயாவுக்கு ஒரு கேள்வி மட்டும். ஒரு பிள்ளை எட்டு வயதில் தனிச் சபை ஒன்றில் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறது. சான்றிதழில் தேதியும் போதகர் கையெழுத்தும் இருக்கிறது, எந்த வாய்பாடு என்று இல்லை. சபை இப்போது மூடிவிட்டது. உறுதிபூசுதலுக்கு அனுப்பலாமா?

---

திருச்சட்டம்_சேலம் எழுதியது:

உடனே அனுப்பாதீர்கள், உடனே தண்ணீரும் ஊற்றாதீர்கள். முதலில் சாட்சி. சட்டம் 876-இன்படி சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும். அன்று பக்கத்தில் நின்ற பெற்றோர், மாமா யாராவது "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி" என்று சொன்னதைக் கேட்டேன் என்று எழுதிக் கொடுக்கட்டும். "இயேசுவின் நாமத்தில்" என்று சொன்னார்களா என்று நீங்களாக எடுத்துக் கொடுக்காமல், "என்ன சொன்னார்?" என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் ஆமாம் போட்டுவிடுவார்கள். அந்தப் போதகர் வேறு சபையில் இருந்தால் அவர் வழக்கமாக எந்த வாய்பாடு சொல்வார் என்பதும் உதவும்.

இவ்வளவு விசாரித்தும் நியாயமான சந்தேகம் மிஞ்சினால்தான் நிபந்தனைத் திருமுழுக்கு, "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற முன்சொல்லோடு. ஏன் சந்தேகம் என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் விளக்கிவிட்டு, கூட்டம் கூட்டாமல் தனியாக வைப்பார்கள். தீர்மானம் பங்குத்தந்தையுடையது, ஆகவே காகிதத்தையெல்லாம் அவர் கையில் கொடுங்கள்.

இப்போதெல்லாம் ஞானஸ்நானத்தை யாராவது போனில் எடுத்திருப்பார்கள். வீடியோ கிடைத்தால் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். முழுக்குகிற நேரத்தில் பாட்டும் தபேலாவும் உச்சத்தில் இருக்கும், வாய்பாடு அதற்கடியில் கிடக்கும்.